நிறமண்டலத் தாரைகளின் நிறமாலை: மதுரையிலிருந்து அளக்க எந்த வழி தோது?

கல்லூரி இயற்பியல் துறைக்கோ வானியல் மன்றத்துக்கோ சூரிய ஆய்வுக்கென்று கொஞ்சம் பணம் கிடைத்தால், "ஒரு எச்-ஆல்ஃபா தொலைநோக்கி வாங்கிவிடலாம்" என்பதுதான் முதலில் எழும் யோசனை. ஹைட்ரஜனின் சிவப்பு நிறமாலைக் கோட்டுக்குத்தான் எச்-ஆல்ஃபா என்று பெயர். சிவப்பு வட்டம், விளிம்பில் சுடர், வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் நோக்கம் சூரியப் பரப்புக்குச் சற்று மேலே இருக்கும் நிறமண்டலத்தில் பீறிட்டு எழும் வாயுத் தாரைகளின் வேகத்தை அளப்பது என்றால் அந்தப் பணம் தப்பான பொருளுக்குப் போகிறது. அந்தத் தொலைநோக்கி காட்டுவதற்கு உகந்தது. அளப்பதற்கு அதன் உள்ளமைப்பே இடம்கொடுக்காது.

மதுரையில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் வழிகள் நான்கு. குறுகிய அலைவரிசை ஃபில்டர் பொருத்திய தொலைநோக்கி வாங்குவது. ஸ்லிட் என்னும் மெல்லிய பிளவும், ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணியும் (கிரேட்டிங்) கொண்ட ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் ஒன்றைச் செய்துகொள்வது. கொடைக்கானல் ஆய்வகத்தின் கருவியிலோ ஆவணத்திலோ வேலைசெய்வது. நாசாவின் ஐரிஸ் போன்ற சூரிய விண்கலங்களின் திறந்த தரவை இறக்கி ஆராய்வது. எதைத் தேர்வது என்பதை விலைப்பட்டியல் முடிவுசெய்யக் கூடாது. எந்தத் தாரை, எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் உயிரோடு இருக்கும் என்பதுதான் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் தாரைகளின் அளவுகள்

தாரை என்று பொதுவாகச் சொல்வதில் வேறுவேறு சங்கதிகள் அடக்கம். சூரிய விளிம்பு முழுக்க நாற்றங்கால்போல் நெருங்கி நிற்பவை ஸ்பிக்யூல்கள். இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1877-லேயே இவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். அகலம் 200 முதல் 500 கி.மீ., உயரம் 5,000 முதல் 10,000 கி.மீ. வரை. இவற்றில் முதல் வகை விநாடிக்கு 15 முதல் 40 கி.மீ. வேகத்தில் ஏறி, 3 முதல் 10 நிமிடத்துக்குள் திரும்ப விழுந்துவிடும். இரண்டாம் வகையை ஜப்பானின் ஹினோடே விண்கலத்தின் படங்களைக் கொண்டு 2007-ல் பிரித்துக் காட்டினார்கள். அவற்றின் வேகம் விநாடிக்கு 30 முதல் 110 கி.மீ., ஆயுள் 50 முதல் 150 விநாடி. சூரிய வட்டின் நடுவே பார்த்தால் இதே இரண்டாம் வகை எச்-ஆல்ஃபா கோட்டின் நீலப் பக்கத்தில் சட்டென்று கருத்து மறையும் சிறு கீற்றாகத் தெரியும்.

சூரியப்புள்ளிக் கூட்டங்களை ஒட்டி எழும் சர்ஜ் தாரைகள் வேறு ரகம். நீளம் பத்தாயிரம் கி.மீ.யில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். வேகம் விநாடிக்கு 50 முதல் 200 கி.மீ.; பத்து, இருபது நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கும். இவை தவிர, புள்ளிக் கூட்டத்தைச் சுற்றிய ஒளிர்பகுதிகளில் விநாடிக்கு 10 முதல் 35 கி.மீ. உச்ச வேகத்தில் ஏறி இறங்கும் குட்டை இழைகளும் உண்டு. அடியிலிருந்து ஏறிவரும் அதிர்ச்சி அலைகள் இவற்றைத் தள்ளிவிடுகின்றன என்பது நிறுவப்பட்ட விஷயம்.

பூமியிலிருந்து பார்க்கையில் ஒரு வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) என்பது சூரியப் பரப்பில் ஏறத்தாழ 725 கி.மீ. ஆக ஒரு ஸ்பிக்யூலின் அகலம் 0.3 முதல் 0.7 வில்விநாடி. ஒரு சர்ஜின் நீளமோ சாதாரணமாக 15 முதல் 150 வில்விநாடி வரும். 60 மி.மீ. தொலைநோக்கியின் கொள்கையளவிலான பகுதிறனே (அது பிரித்துக்காட்டும் மிகச் சிறிய அளவு) எச்-ஆல்ஃபாவில் 2.75 வில்விநாடிதான். தனி ஸ்பிக்யூல் ஒன்றின் வேகத்தை மொட்டை மாடியிலிருந்து அளக்க முடியாது என்பது இங்கேயே தீர்ந்துவிடுகிறது. எத்தனை லட்சம் செலவழித்தாலும் சமவெளிக் காற்று அதை விடாது.

அடுத்தது டாப்ளர் பெயர்ச்சி, அதாவது வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகரும்போது அதன் கோடு அலைநீளத்தில் இடம்மாறுவது. எச்-ஆல்ஃபாவின் அலைநீளம் 6562.8 ஆங்ஸ்ட்ராம். அங்கே ஒரு ஆங்ஸ்ட்ராம் பெயர்ச்சி என்றால் விநாடிக்கு 45.7 கி.மீ. வேகம். விநாடிக்கு 50 கி.மீ. தாரைக்கு 1.1 ஆங்ஸ்ட்ராம், 100 கி.மீ. தாரைக்கு 2.2 ஆங்ஸ்ட்ராம் பெயர்ச்சி வரும். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஃபில்டர் தொலைநோக்கி எங்கே முட்டுகிறது

லண்ட், கொரோனாடோ, டேஸ்டார் போன்ற நிறுவனங்களின் எச்-ஆல்ஃபா கருவிகள் எல்லாம் ஃபாப்ரி-பெரோ எட்டலான் என்ற ஒரே தத்துவத்தில் இயங்குபவை. இணையாக வைத்த இரு கண்ணாடிப் பரப்புகள் ஒரு குறுகிய அலைநீளத்தை மட்டும் கடத்திவிடும் ஏற்பாடு அது. ஒற்றை எட்டலான் கொண்டவற்றின் அலைவரிசை அகலம் பெரும்பாலும் 0.7 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். இரட்டை அடுக்கு போட்டால் 0.5-க்கு இறங்கும். விளிம்புச் சுடர் பார்க்க இது தாராளம். வேகம் அளக்க வேண்டுமென்றால் கோட்டின் நடுவிலிருந்து நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். டேஸ்டாரின் குவார்க் கருவியின் திருகு, நடுவிலிருந்து இருபுறமும் 0.1 ஆங்ஸ்ட்ராம் வீதம் ஐந்து படி நகரும். அதாவது அதன் எல்லை 0.5 ஆங்ஸ்ட்ராம், விநாடிக்கு 23 கி.மீ. சர்ஜ் தாரையின் வேகம் அதற்கு வெளியே நிற்கிறது. போதாக்குறைக்கு, ஒரு படி நகர்த்தினால் எட்டலான் புதிய வெப்பநிலைக்கு வந்து நிலைக்கச் சில நிமிடங்கள் ஆகும். நீலப் படம் எடுத்துவிட்டுச் சிவப்புக்கு வருவதற்குள் தாரையின் உருவமே மாறியிருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு குறை உண்டு. எட்டலானின் அலைவரிசை பார்வைப்புலம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கண்ணாடிக்குள் ஒளி சாய்வாக நுழையும் இடத்தில் அது நீலப் பக்கம் நகரும். ஓரத்தில் 0.2 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தால் அது விநாடிக்கு 9 கி.மீ. வேகம்போலவே தெரியும். நீலப் படத்திலிருந்து சிவப்புப் படத்தைக் கழித்து அழகான டாப்ளர் வரைபடம் என்று போடப்படும் பலவற்றில் பாதி இந்தக் கண்ணாடியின் கைவரிசைதான். எண்ணாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் படத்தை நம்பக் கூடாது.

விலையோ லட்சத்தைத் தாண்டுகிறது. பொதுமக்களுக்குக் காட்டுவதும் அளவிடுவதைப் போலவே முக்கியம் என்றால் மட்டும் வாங்கலாம்.

ஸ்லிட் வழி

ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் செய்வது ஒன்றுதான். சூரிய உருவத்தின் மேல் ஒரு மெல்லிய ஸ்லிட்டை வைத்து, அதற்குள் வரும் ஒளியை முழு நிறமாலையாகப் பிரித்து ஒளிப்படக் கருவியில் பதிவுசெய்கிறது. ஸ்லிட் சூரியனை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் கடக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு துண்டு நிறமாலை. பிறகு எந்த அலைநீளத்தில் வேண்டுமோ அந்த அலைநீளத்தில் சூரியனின் படத்தை மென்பொருள் கோத்துக் கொடுக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் முழுக் கோட்டு வடிவமும் கையில் இருப்பதால் 50 கி.மீ. வேகம் என்ன, 150 கி.மீ. வேகம் என்ன, இரண்டும் ஒரே பதிவில் அகப்படும்.

கிறிஸ்தியன் பூயில் வடிவமைத்த சோலெக்ஸ் இன்று இந்த வழியில் எல்லோர் கைக்கும் எட்டுவது. உடல் முழுதும் 3டி பிரிண்ட். ஒளியியல் பாகங்கள் மட்டும் ஒரு பெட்டியாக விற்கின்றன. 10 மைக்ரான் அகலமும் 4.5 மி.மீ. நீளமும் கொண்ட ஸ்லிட், ஒளிக்கற்றையை இணையாக்கும் 80 மி.மீ. குவியத்தூரக் கொலிமேட்டர், மி.மீ.க்கு 2,400 கோடுகள் கொண்ட கீற்றணி, 125 மி.மீ. குவியத்தூர லென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் எச்-ஆல்ஃபாவில் ஒளிப்படக் கருவியின் மேல் ஒரு மி.மீ.க்கு 26 ஆங்ஸ்ட்ராம் விரிகிறது. கீற்றணியில் ஒளி வெகு சாய்வாக விழுவதால் ஸ்லிட்டின் உருவம் ஒடுங்கி 6 மைக்ரானாகிவிடும். அதாவது 0.16 ஆங்ஸ்ட்ராம், விநாடிக்கு 7 கி.மீ. கோட்டின் மையத்தைப் பொருத்திக் கண்டுபிடித்தால் இதில் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம். லட்ச ரூபாய் எட்டலான் தராத தெளிவு இது.

ஒளிப்படக் கருவி வாங்கும்போது பலர் சறுக்கும் இடம் சென்சாரின் நீளம். ஸ்லிட்டின் உருவம் 1.56 மடங்கு பெரிதாவதால் 4.5 மி.மீ. ஸ்லிட் சென்சாரில் 7 மி.மீ. ஆகிறது. சோனியின் ஐ.எம்.எக்ஸ். 178 வகைச் சென்சாரின் நீளம் 7.4 மி.மீ., பிக்சல் 2.4 மைக்ரான், முழு ஸ்லிட்டும் அடங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 290 வகை வாங்கினால் அதன் நீளம் 5.6 மி.மீ. மட்டும். சூரியனின் இரு துருவமும் வெட்டுப்படும். கறுப்பு-வெள்ளைச் சென்சார்தான் வேண்டும். வண்ணச் சென்சாரில் சிவப்புப் பிக்சல் நான்கில் ஒன்றுதான்.

அடுத்த முடிவு தொலைநோக்கியின் குவியத்தூரம். சூரிய உருவத்தின் விட்டம் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 107-ல் ஒரு பங்கு. 420 மி.மீ. போட்டால் உருவம் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு; ஒரே ஓட்டத்தில் முழு வட்டும் கிடைக்கும். ஆனால் அங்கே 10 மைக்ரான் ஸ்லிட் 4.9 வில்விநாடியை, அதாவது 3,500 கி.மீ.யை விழுங்கிவிடுகிறது. தாரைக்கு இது பருமன். குவியத்தூரத்தை நீட்டும் பார்லோ லென்ஸை 2 மடங்குக்குப் போட்டு 840 மி.மீ. ஆக்கினால் ஸ்லிட் அகலம் 2.5 வில்விநாடி. மதுரையில் காலைக் காற்று நன்றாயிருக்கும் நாளில் கிடைக்கும் தெளிவுக்கு இது சரியான ஜோடி. ஸ்லிட்டின் நீளத்தில் வட்டின் பாதிக்குச் சற்றுக் கூடுதலே அடங்கும். தாரைக்கு ஒரு புள்ளிக் கூட்டம் போதும் என்பதால் நஷ்டமில்லை. அதற்கு மேல் 2,000 மி.மீ. வரை இழுப்பது காகிதத்தில்தான் பலன் தரும்.

ஒரு புள்ளிக் கூட்டத்தை ஓட்டி எடுக்கும் கணக்கு இப்படி வரும். பரப்பு 300 வில்விநாடி. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டை, விண்மீன்கள் வானில் நகரும் வேகத்தின் 8 மடங்கில், விநாடிக்கு 120 வில்விநாடி நகரவிட்டால் 2.5 விநாடியில் கடந்துவிடும். ஸ்லிட் அகலத்துக்கு இரண்டு ஃபிரேம் வேண்டுமென்றால் விநாடிக்கு 96 ஃபிரேம். எக்ஸ்போஷர் 10 மில்லிவிநாடிக்குள். திரும்பி வந்து நிலைக்கும் நேரத்தையும் சேர்த்து 15 விநாடிக்கு ஒரு ஓட்டம் எடுக்கலாம். 20 நிமிட சர்ஜுக்கு 80 ஓட்டம். பின்னிங் 2-க்கு 2 போட்டு (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து), கோட்டைச் சுற்றி 12 ஆங்ஸ்ட்ராம் மட்டும் வெட்டி எடுத்தால் ஓட்டத்துக்கு 70 எம்.பி. அளவு. பின்னிங் இல்லாமல் நான்கு மடங்கு. இரண்டாவதற்கு நல்ல எஸ்.எஸ்.டி. இல்லாவிட்டால் நடுவில் ஃபிரேம்கள் உதிரும். உதிர்ந்தது தெரியாமல் கோத்தால் தாரை வளைந்ததுபோல் காட்டும்.

பதிவுக்கு ஷார்ப்கேப், கோப்புக்கு எஸ்.இ.ஆர். என்னும் காணொலி வடிவம், கோப்பதற்கு இன்டி அல்லது ஜேசோலெக்ஸ். எல்லாமே இலவசமாகப் பயன்படுத்தலாம். கூடுதல் வசதிக்குத்தான் ஷார்ப்கேப்புக்குச் சிறு சந்தா. இன்டி தரும் டாப்ளர் படத்தோடு நின்றுவிடக் கூடாது. எஸ்.இ.ஆர். கோப்பைப் பைத்தானில் நேரடியாகத் திறந்து கோட்டு வடிவத்தை எடுக்க வேண்டும்.

கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்க ஒரு இலவச அளவுகோல் இருக்கிறது: சூரியனின் சுழற்சி. நடுக்கோட்டில் கிழக்கு விளிம்பு விநாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, மேற்கு விளிம்பு அதே வேகத்தில் விலகுகிறது. எச்-ஆல்ஃபாவில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 0.09 ஆங்ஸ்ட்ராம், 2.4 மைக்ரான் பிக்சலில் ஒன்றரைப் பிக்சல். எச்-ஆல்ஃபா கோடு அகலமானது என்பதால் பக்கத்தில் உள்ள மெல்லிய இரும்புக் கோட்டில் அளப்பது நல்லது. இந்த 4 கி.மீ. வித்தியாசம் ஒழுங்காக வராத கருவியில் தாரையின் வேகத்தை எடுத்து எழுதக் கூடாது. அலைநீள நிலைக்கு நம்மூர்க் காற்றே கைகொடுக்கும். எச்-ஆல்ஃபாவின் இரு பக்கத்திலும் பூமியின் நீராவிக் கோடுகள் விழுகின்றன. ஈரப்பதம் மிகுந்த காலையில் அவை ஆழமாக இருக்கும். சூரியனின் எந்த அசைவும் அவற்றை நகர்த்தாது என்பதால் நிலையான மைல்கல்லாகப் பயன்படும். அதே கோடுகளைத் தாரையின் சிவப்புப் பெயர்ச்சி என்று எண்ணி ஏமாறுவதும் நடக்கும். வட்டின் அமைதியான பகுதியின் கோட்டு வடிவத்தால் வகுத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

அப்படி வகுத்து வரும் மாறுபாட்டு வடிவத்துக்கு 1964-ல் ஜாக்ஸ் பெக்கர்ஸ் உருவாக்கிய மேக மாதிரியைப் பொருத்த வேண்டும். தாரையைப் பின்னணிக்கு மேலே மிதக்கும் ஒரு மேகம் என்று கொண்டால் அதன் வேகம், டாப்ளர் அகலம், ஒளித்தடிமன் (ஒளியை எவ்வளவு மறைக்கிறது), மூலச்சார்பு (தானே எவ்வளவு ஒளிர்கிறது) என நான்கு அளவுகள் கிடைக்கும். வெறுமனே கோட்டின் அடிமட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் வேகம் எப்போதும் குறைவாகவே வரும். ஏனென்றால் அங்கே கலந்திருக்கும் ஒளியில் பெரும்பங்கு நகராத பின்னணியினுடையது. மாணவர் அறிக்கைகளில் சர்ஜுக்கு விநாடிக்கு 12 கி.மீ. என்று வருவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

மதுரை வெயிலில் என்னென்ன கெடும்

சோலெக்ஸ் உடலைப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் சித்திரை வெயிலில் தாங்காது. அது 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். நேர்வெயிலில் கறுப்பு நிறப் பெட்டி அந்த வெப்பத்தை எட்டுவது சாதாரணம். இளகினால் கீற்றணியின் கோணம் நகரும், கோடு சென்சாரை விட்டே ஓடிவிடும். பி.இ.டி.ஜி. குறைந்தபட்சம்; ஏ.எஸ்.ஏ. கிடைத்தால் இன்னும் நல்லது. உட்புறம் கறுப்பாக இருக்கட்டும், வெளியே அலுமினியத் தாள் சுற்றுங்கள். முதல் அரை மணி நேரம் உடல் சூடேறும்வரை நிறமாலை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நீராவிக் கோட்டை வைத்துத் திருத்தினால் போதும்.

ஸ்லிட்டில் விழும் வெப்பம்: 60 மி.மீ. தொலைநோக்கியில் 3 வாட்டுக்குச் சற்றுக் குறைவு, 100 மி.மீ.யில் 8 வாட் அளவு, அதுவும் நகக்கண் அளவு வட்டத்தில். 60 மி.மீ.க்கு மேல் போனால் முன்னால் வெப்பத் தடுப்பு ஃபில்டரோ பெரும்பகுதி ஒளியை வெளியே திருப்பிவிடும் ஹெர்ஷல் பட்டகமோ கட்டாயம். சோலெக்ஸில் கண் வைத்துப் பார்க்கும் இடம் இல்லை என்பதால் ஆபத்து குறைவு; ஆனால் தேடுகண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மூடியில்லாத தேடுகண்ணாடி பிள்ளைகள் நிற்கும் இடத்தில் இருக்கவே கூடாது.

மதுரையின் அட்சரேகை 9.9 பாகை. விண்மீன்களைப் பின்தொடர வடதுருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்குவடோரியல் மவுண்ட்டின் அச்சு ஏறக்குறையத் தரையோடு படுத்துக்கிடக்கும். பல மவுண்ட்களின் கீழ் எல்லையே 10 பாகைதான். எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிப்பது இங்கே பழகிய தொல்லை. முக்காலியின் எந்தக் கால் வடக்கே வர வேண்டும் என்பதைக் கையேட்டின் படத்தைப் பார்த்துச் செய்யாமல் இடிக்காத பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கே வரும். நல்ல வேளையாக, உச்சிவேளையில் அளக்கத் தேவையே இல்லை. காங்கிரீட் மாடி சூடேறி, ஒன்பதரை மணிக்கு மேல் சூரிய விளிம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைதான் வேலை நேரம். மாடியைவிடப் புல்தரை மேல். அதைவிடக் கிழக்கே கண்மாய் நீர் விரிந்திருக்கும் கரை இன்னும் மேல். நீர்ப்பரப்பின் மேல் காலைக் காற்று அடுக்குக் குலையாமல் இருக்கும். மாடிதான் கதி என்றால் ஈரச் சாக்கு விரித்து, கருவியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

ஜனவரி முதல் மே வரை நல்ல பருவம். ஜூன், ஜூலையில் மழை குறைவு, ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில் 2.5 வில்விநாடி ஸ்லிட் ஆடாமல் நிற்குமா? படத்தின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வந்தால் காற்றுதான் காரணம். படத்தின் குறுக்கே நேர்நேராகக் கோடுகள் ஓடினால் ஸ்லிட்டில் தூசி. ஊதுகுமிழால் ஊத வேண்டும், துணி படக்கூடாது.

கொடைக்கானல்

வத்தலக்குண்டு வழியாக 120 கி.மீ. 1899-ல் நிறுவப்பட்ட ஆய்வகம், இப்போது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு ஆரவாட்டில் வெளியே பாய்வதை நிறமாலையில் கண்டது இங்கேதான். சுரங்கத் தொலைநோக்கியில் 60 செ.மீ. கண்ணாடிகள் ஒளியைத் திருப்பிவிட, 38 செ.மீ. லென்ஸ் 36 மீட்டர் தள்ளி 34 செ.மீ. விட்டமுள்ள சூரிய உருவத்தைத் தருகிறது. பின்னால் 18 மீட்டர் ஸ்பெக்ட்ரோகிராஃப். ஒரு மி.மீ.க்கு 5.5 வில்விநாடி என்றால் 100 மைக்ரான் ஸ்லிட் அரை வில்விநாடிதான். நிறமாலைத் தரத்தில் மொட்டை மாடிக் கருவி எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

சிக்கல் நேரம். கருவி நேரம் கேட்டுப் பேராசிரியர் வழியாக எழுதி, ஒப்புதல் வந்து, அந்த நாட்களில் மேகமும் இல்லாமல், புள்ளிக் கூட்டமும் இருந்து, அது தாரையும் எழுப்ப வேண்டும். மூன்று மாதப் பட்டமேற்படிப்புத் திட்டத்தை இதன் மேல் கட்டக் கூடாது. ஆய்வு மாணவருக்கு, குறிப்பான கேள்வியோடு போனால், உரிய இடம். 2014 முதல் இயங்கும் 20 செ.மீ. எச்-ஆல்ஃபா தொலைநோக்கியின் படங்களும் நூற்றாண்டுப் பழைய கால்சியம் கே படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவை படங்கள். கோட்டு வடிவம் அவற்றில் இல்லை. நம் ஸ்லிட்டில் அகப்பட்ட சர்ஜ் எங்கிருந்து கிளம்பியது என்று பொருத்திப் பார்க்க அருமையான துணை.

ஆதித்யா-எல்1 தரவும் இதே வகையில் சேரும். அதன் சூட் கருவி மக்னீசியம், கால்சியம் கோடுகளில் படம் எடுக்கிறது, நிறமாலை எடுப்பதில்லை.

ஐரிஸ் தரவு

2013 ஜூனில் ஏவப்பட்ட ஐரிஸ் விண்கலத்தின் தொலைநோக்கி 20 செ.மீ.தான். காற்று இல்லாத இடத்தில் இருப்பதால் 0.33 வில்விநாடி ஸ்லிட்டின் முழுப் பலனும் கிடைக்கிறது. மக்னீசியம் எச், கே கோடுகள் நிறமண்டலத்தின் மேல்பகுதியைக் காட்டும். 2796 ஆங்ஸ்ட்ராமில் ஒரு பிக்சல் விநாடிக்கு 2.7 கி.மீ. இரண்டாம் வகை ஸ்பிக்யூல் பற்றிய கேள்விக்கு மதுரையில் இருந்துகொண்டு விடைதேட இதுவே உருப்படியான வழி. ஹினோடேயின் கால்சியம் படங்களில் காணாமல்போன அந்தத் தாரைகள் உண்மையில் மறையவில்லை, சூடேறி மக்னீசியம், சிலிக்கான் கோடுகளில் தொடர்ந்து ஏறிப் பிறகு விழுகின்றன என்று காட்டியது ஐரிஸ்.

செலவு: ஒரு கணினி, இணைய இணைப்பு. திருத்தங்கள் முடிந்த இரண்டாம் நிலைத் தரவை யாரும் இறக்கலாம். தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம். ஸ்லிட் ஒரே இடத்தில் நிற்கும் பதிவு என்றால் காலப்போக்கு தெளிவாக வரும், ஆனால் தாரை ஸ்லிட்டின் மேல் விழுந்தால்தான் உண்டு. நகர்ந்து வருடும் பதிவு என்றால் பரப்பு கிடைக்கும், ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் 50 விநாடித் தாரை பிறந்து மடிந்துவிடும். ஸ்பிக்யூலுக்கு நிற்கும் பதிவும் சர்ஜுக்கு நான்கைந்து படி மட்டும் நகரும் பதிவும் பொருத்தம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விண்கலம் பூமியின் நிழலுக்குள் போய்வருவதால் அந்த மாதத் தொடர்களில் இடைவெளி விழும்.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று. மக்னீசியம் கே கோட்டின் வடிவம் வட்டின் மேல் இரட்டைக் கொம்பாக வரும். ஒற்றைக் காஸ் வளைவை (மணி வடிவ வளைவு) பொருத்தினால் வேகம் குப்பை. அதனால் எளிதாகப் பொருந்தும் 1394 ஆங்ஸ்ட்ராம் சிலிக்கான் கோட்டுக்குத் தாவி, வந்த எண்ணை நிறமண்டலத்தின் வேகம் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏறத்தாழ 80,000 கெல்வினில் உருவாகும் கோடு, நிறமண்டலத்துக்கு மேலே உள்ள இடைமண்டலத்தைச் சேர்ந்தது. விளிம்புக்கு வெளியே, ஸ்பிக்யூல்களின் மேல்பகுதியில், மக்னீசியம் கோட்டின் இரட்டைக் கொம்பு மறைந்து ஒற்றை முகடாகிவிடும். தொடங்குபவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும். அலைநீளத்தின் பூஜ்யத்துக்கு 2799.47 ஆங்ஸ்ட்ராம் நிக்கல் கோட்டைப் பாருங்கள்.

எச்-ஆல்ஃபாவே வேண்டும் என்றால், ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள ஸ்வீடிஷ் 1 மீட்டர் சூரியத் தொலைநோக்கியும் ஐரிஸும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்த்த தரவுத்தொகுப்பு 2020 முதல் திறந்தே கிடக்கிறது. நம் ஸ்லிட்டுக்கு எட்டாத ஸ்பிக்யூலை அதே கோட்டில், 0.2 வில்விநாடி தெளிவில் பார்க்கலாம். கருவிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் ஒரு பருவம் முழுக்க இந்தத் தொகுப்பில் மேக மாதிரியைப் பொருத்திப் பழகுவது எங்கள் அழுத்தமான பரிந்துரை. பிறகு சோலெக்ஸ் தரவு வரும்போது என்ன பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

எதை எப்போது

இதில் நாட்காட்டியும் ஒரு கட்சி. ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப்புள்ளிகள் கூடிக் குறையும் வட்டத்தில் 25-ஆவது 2024-ல் உச்சத்தைத் தொட்டுவிட்டது. சர்ஜ் தாரைக்குப் புள்ளிக் கூட்டம் வேண்டும். அவை இனி ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஸ்லிட் கருவி செய்வதாக இருந்தால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை: மழைக்காலத்தில் அச்சடித்துக் கோத்து, தைப்பொங்கலுக்குள் சூரியச் சுழற்சிச் சோதனையை முடித்து, மே வரை கிடைக்கும் காலைகளைப் பிடிக்க வேண்டும். ஐரிஸ் தரவு எங்கும் ஓடிப்போகாது.

புள்ளியே இல்லாத நாட்களிலும் ஸ்லிட் சும்மா கிடக்க வேண்டியதில்லை. 840 மி.மீ. குவியத்தூரத்தில் ஸ்லிட்டைச் சூரிய விளிம்புக்குத் தொடுகோடாக வைத்து, 2.5 வில்விநாடி வீதம் வெளியே நகர்த்துங்கள். உள்ளே கறுப்பாக இருந்த எச்-ஆல்ஃபா கோடு விளிம்பைத் தாண்டியதும் ஒளிர்கோடாக மாறும். நான்கைந்து படி, அதாவது 7,000 முதல் 9,000 கி.மீ. உயரம் வரை அது தெரியும். தனி ஸ்பிக்யூல் பிரியாது. ஆனால் நூற்றுக்கணக்கானவற்றின் கலந்த வேகம் கோட்டின் அகலமாக வந்து நிற்கும், அது உயரத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடலாம். மதுரை வானத்தின் புகையும் தூசியும் வட்டின் ஒளியைச் சிதறடித்து இந்தக் கோட்டின் மேல் பூசும். விளிம்பிலிருந்து 40 வில்விநாடி தள்ளி ஒரு வெற்று வான நிறமாலை எடுத்து, ஒவ்வொரு படியிலும் அதைக் கழித்துவிட்டுத்தான் அகலத்தை அளக்க வேண்டும்.